தண்ணீர் விட்டால் எழும்பும் பை: நார்த்தூள் கட்டிக்குப் பக்கமடிப்புக் கவர் செய்த பதிவு

குரோ பேக் என்றதும் பலருக்கும் மாடித் தோட்டத்துப் பச்சைப் பைதான் நினைவுக்கு வரும். பொள்ளாச்சிப் பக்கம் இருந்து கண்டெய்னரில் ஏறுகிற குரோ பேக் வேறு. தேங்காய் மட்டையில் மஞ்சி என்கிற நார் எடுத்தபின் மிஞ்சும் தூளைக் கழுவி, காயவைத்து, அழுத்தி ஒரு மீட்டர் நீளக் கட்டியாக்கி, வெளியே வெள்ளை உள்ளே கறுப்பு என்றிருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு, இரண்டு முனையையும் ஒட்டி அனுப்புவோம். வாங்குகிறவர் பசுமைக்குடிலில் அதை வரிசையாகக் கிடத்திச் சொட்டுநீர் விடுவார். கட்டி ஊறி எழும்பும். அதன்பின் மேல்முகத்தில் ஓட்டை போட்டுத் தக்காளியோ குடைமிளகாயோ வெள்ளரியோ நடுவார்கள். ஒரு காலத்தில் மில் வாசலில் மலைமலையாகக் குவிந்து, எடுத்துப்போக ஆள் இல்லாமல் கிடந்த தூள் இது. இப்போது நாட்டின் நார்ப் பொருள் ஏற்றுமதியில் பெரிய பங்கு இந்தத் தூளுக்குத்தான்.

நாங்கள் கவரை ஆயத்தமாக வாங்கிக்கொண்டிருந்தோம். புதிதாக ஒரு அச்சு போட்டபோது அந்த அளவுக்குக் கவர் எங்கும் கிடைக்கவில்லை. அதனால் நாங்களே அளவு சொல்லி ஃபிலிம் ஓட்டிக்கொள்வது, அதாவது பாலித்தீனை உருக்கி டியூபாக எடுத்துக்கொள்வது என்று முடிவானது. சும்மா நீள அகலம் சொன்னால் போதும் என்று நினைக்கிறவர்களுக்காகவே இந்தப் பதிவு. விரியும் பையில் நீள அகலம் சின்ன விஷயம். விரியாத நேரத்தில் மிச்சப் பிளாஸ்டிக் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் முழு வேலையும்.

முதலில் கணக்கு. கட்டி அழுத்தின நிலையில் 100 செ.மீ. நீளம், 17.5 அகலம், 3.2 உயரம். எடை 2 கிலோவை ஒட்டி வரும். ஊறியபின் உயரம் 16 செ.மீ. ஆகவேண்டும், அதாவது ஐந்து மடங்கு. அகலமும் நீளமும் பெரிதாக மாறாது, ஏனென்றால் பிரஸ் மேலிருந்து கீழாக மட்டுமே அழுத்துகிறது, அழுத்தின திசையில்தான் தூள் திரும்ப எழும். இந்த ஒரு விஷயத்தால்தான் பக்கமடிப்பே நமக்குக் கைகொடுக்கிறது. எல்லாத் திசையிலும் வீங்குகிற பொருளாக இருந்தால் இந்த வடிவம் உதவாது.

விரிந்த பையின் குறுக்குவெட்டு 18 × 16. சுற்றளவு 68 செ.மீ. ஃபிலிம் ஓட்டுகிறவருக்குச் சுற்றளவு தேவையில்லை. தட்டையாகப் படுக்கவைத்த டியூபின் அகலம்தான் வேண்டும். அது இதில் பாதி, 34. இந்த 34 செ.மீ. டியூபின் இரண்டு பக்கத்தையும் தலா 8 செ.மீ. உள்ளே தள்ளி மடித்தால் முகம் 18 ஆகச் சுருங்கும். மடிப்பைத் தொழிலில் கஸெட் என்பார்கள். பில்லில் வரும்போது '18 + 8 + 8' என்று எழுதுவார்கள். சிலர் '18 + 16' என்பார்கள், சிலர் 8 என்று ஒரு பக்கத்தை மட்டும் குறித்துவிட்டு மற்றதை நீங்களே புரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆர்டர் கொடுக்கும்போது படம் வரைந்து கொடுத்துவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துபோகும்.

மடிப்பு ஆழம் 8 என்பது பக்க உயரம் 16-இல் சரிபாதி. இரண்டு பக்க மடிப்பும் சேர்ந்தால் 16, முகம் 18. நடுவில் 2 செ.மீ. இடைவெளி மிச்சம். இந்த இடைவெளி இருந்தே ஆகவேண்டும். இடது மடிப்பும் வலது மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஆறு அடுக்காகிவிடும், சீல் போடும்போது நரகம்.

மடிப்பே இல்லாத வெறும் டியூபில் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், சிலர் போடுகிறார்கள். 34 செ.மீ. டியூபுக்குள் 17.5 கட்டி கிடந்தால் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் துருத்திக்கொண்டு நிற்கும். அதை அடியில் மடக்கி டேப் ஒட்ட வேண்டும். அடுக்கும்போது வழுக்கும். ஊறும்போது எங்கே விளிம்பு என்று பைக்கே தெரியாததால் உருண்டு நிற்கும். சொட்டுநீர்க் குச்சி குத்தின இடம் மேடாகி, பை சரிந்து, தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும்.

மாதிரி செய்து பார்க்க வெள்ளை-கறுப்பு ஃபிலிம் வேண்டாம். கண்ணாடி மாதிரித் தெரிகிற சாதாரண டியூப் ரோல்தான் நல்லது, உள்ளே மடிப்பு என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கடையில் அங்குலக் கணக்கில்தான் கிடைக்கும். 14 அங்குல டியூப் வாங்கினேன், 35.5 செ.மீ. வருகிறது. முகத்தை 18 ஆக வைத்தால் மடிப்பு ஒவ்வொன்றும் 8.75. மாதிரிக்கு இந்த வித்தியாசம் பரவாயில்லை.

கையால் பக்கமடிப்பு போட ஒரு எளிய வழி இருக்கிறது. 18 செ.மீ. அகலத்தில் மெல்லிய பிளைவுட் பட்டை இரண்டு அறுத்து, ஓரமெல்லாம் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னச் சிலாம்பு இருந்தாலும் ஃபிலிமைக் கிழித்துவிடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக டியூபுக்குள் விடுங்கள். இப்போது இரண்டு பக்கமும் ஃபிலிம் தளர்ந்து தொங்கும். ஒரு இரும்பு ஸ்கேலின் விளிம்பால் அந்தத் தளர்ச்சியை இரண்டு பட்டைக்கும் நடுவே தள்ளுங்கள். ஸ்கேலை உருவிவிட்டு மேலே கையால் நீவினால் மடிப்பு விழுந்துவிடும். பட்டைகளை உருவும்போது ஃபிலிம் ஒட்டிக்கொண்டு வரும், கொஞ்சம் பவுடர் தூவிக்கொண்டால் வழுக்கும். தொழிற்சாலையிலும் இதேதான் நடக்கிறது, தலைகீழாக. டை என்கிற வளைய வாயில் இருந்து குமிழாக எழும்பி வரும் ஃபிலிமை மேலே இரண்டு சட்டங்கள் அமுக்கித் தட்டையாக்கும். அந்தச் சட்டங்களுக்கு நடுவே இரு பக்கமும் முக்கோணப் பலகை நுழைந்து குமிழை உள்ளே குத்தும். அப்படியே நிப் ரோலர் என்கிற அழுத்தும் உருளைகளுக்குள் போய் மடிப்பு அமுங்கும். எங்கள் 68 செ.மீ. சுற்றளவுக்குக் குமிழின் விட்டம் 21.6 செ.மீ. வரும்.

மடித்த டியூபுக்கு இன்னொரு லாபம் உண்டு. 34 செ.மீ. திறந்த வாயை ஒட்ட 12 அங்குல சீலர் போதாது, அதைவிடப் பெரியது தேவை. மடித்தபின் 18 செ.மீ.தான், காலால் மிதித்து ஒட்டும் 12 அங்குல பெடல் சீலரே தாராளம்.

இனித்தான் விஷயம் சுவாரசியமாகிறது. தட்டையாகக் கிடக்கும் டியூபில் மடிப்புக் கோடு பக்கத்தின் நடுவில்தான் விழும், மேலே 8 கீழே 8. வேறு மாதிரி விழவே முடியாது. ஆனால் உள்ளே 3.2 செ.மீ. உயரக் கட்டி வந்து உட்கார்ந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. கட்டி அடிமுகத்தில் கிடக்கிறது. பக்க ஃபிலிம் முதலில் கட்டியின் ஓரமாக 3.2 செ.மீ. மேலே ஏறவேண்டும். மிச்சம் 12.8. அது கட்டியின் தலைமேல் 6.4 உள்ளே போய், மடங்கி, 6.4 வெளியே திரும்பி மேல்முகத்தைப் பிடிக்கும். ஆக, கட்டி உள்ளே இருக்கும்போது மடிப்பு விழுகிற இடம் அடியில் இருந்து 9.6 செ.மீ. தொழிற்சாலை போட்ட கோடு 8-இல். 1.6 செ.மீ. தள்ளிப் புது மடிப்பு விழுகிறது, பழைய கோடு கீழ்த் தாளில் அநாதையாகக் கிடக்கிறது.

கண்ணாடி டியூபில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. பழைய கோடு இறுக்கமாக இருந்தால் ஃபிலிம் இரண்டு இடத்திலும் மடங்கப் பார்க்கும். ஒரு பக்கம் சுருங்கி, மேல்முகம் கோணிக்கொள்ளும். கோட்டைக் கட்டை விரலால் நீவித் தளர்த்திவிட்டுக் கட்டியை விட்டபோது அழகாகப் படிந்தது. பலசரக்கு, காப்பித்தூள் கவர்களில் மடிப்பு கத்தி மாதிரி இருப்பது அழகு. நமக்கு அந்த அழகு வேண்டாம், மடிப்புக் கோடு மென்மையாக இருக்கவேண்டும்.

ஃபிலிம் ஓட்டும் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

"கஸெட் இறுக்கமா வரலைன்னா ரோல் நேரா சுத்தாதுங்க. அப்பறம் நீங்களே ஃபோன் பண்ணித் திட்டுவீங்க."

"ரொம்பத் தளர்த்த வேண்டாங்ணா. நிப் ரோலர் அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க, ஆறவைக்கிற காத்தைக் கொஞ்சம் கூட்டுங்க."

ஃபிலிம் சூடாகவே ரோலருக்குள் நுழைந்து, அங்கே அழுத்தமும் அதிகமாக இருந்தால் மடிப்புக் கோடு நிரந்தரமாகப் பதிந்துவிடும், அந்தக் கோட்டில் கனமும் குறையும். வெயிலில் கிடக்கும் பை முதலில் விரிசல் விடுவது அங்கேதான். இந்தக் காரணம் அவருக்கும் சம்மதமாக இருந்தது. ஓட்டும் வேகத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டிக் கொடுத்தார். அதற்கு ரேட்டில் ஏதோ சேர்த்தார், அது வேறு கதை.

அடுத்தது மேல் கீழ். மடிப்பு கட்டியின் தலைக்கு மேலே இருக்கவேண்டும் என்று சொன்னேன். கட்டியை டியூபுக்குள் தள்ளும்போது கவனிக்காவிட்டால் அது மடிப்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்போது மடிந்த ஃபிலிம் கட்டிக்கு அடியில். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தண்ணீர் விட்டதும் தெரியும். 2 கிலோ கட்டி குடித்துக் குடித்து 15 கிலோவைத் தாண்டுகிறது. அத்தனை எடையும் மடிப்பை அமுக்கிக்கொண்டிருக்கும்போது அது எப்படி வெளியே வரும்? ஒரு பக்கம் மட்டும் எப்படியோ உருவிக்கொண்டு வரும், மறுபக்கம் மாட்டிக்கொள்ளும், பை ஒரு தோள் தூக்கி நிற்கும்.

இதை இரண்டு இடத்தில் தடுக்கவேண்டி இருந்தது. எங்கள் யூனிட்டில் கட்டியைத் தள்ள ஒரு தகர வாய் செய்தோம். மடிப்பு இரண்டையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும் இரண்டு காதுகள் அதில் உண்டு. டியூபை வாயில் மாட்டி, கட்டியைக் காதுக்கு அடியில் தள்ளினால் மடிப்பு தானாகவே மேலே வந்துவிடும். இன்னொன்று, வாங்குகிறவர் பையைக் குப்புறப் போட்டால் நாம் செய்ததெல்லாம் வீண். ஆகவே மேல்முகத்தில் மட்டும் அம்புக்குறி அச்சடித்தோம். அம்பு எந்த மொழிக்காரருக்கும் புரியும். அடிமுகம் வெறும் வெள்ளை.

இப்போது முனைகள். என்னைக் கேட்டால் இந்த மாதிரிப் பையில் பக்கத்தைவிட முனைதான் கடினம். பெரும்பாலோர் அளவு பிசகுவதும் அங்கேதான். கட்டி 100 செ.மீ., இரண்டு பக்கமும் சீல் போட ஆளுக்கு 2 அல்லது 3 செ.மீ. விட்டால் 104 முதல் 106 வரை போதும் என்று தோன்றும். அழுத்தின கட்டிக்கு அது போதும். ஊறினபின் முனையில் 16 செ.மீ. உயரத்துக்கு ஒரு முகம் உருவாகவேண்டுமே, அதற்குப் பிளாஸ்டிக் எங்கிருந்து வரும்?

இரண்டு நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு டியூபை 106-இலும் இன்னொன்றை 120-இலும் வெட்டி, ஒரே எடைக் கட்டி போட்டு, ஆளுக்கு 15 லிட்டர் தண்ணீர் மெல்ல விட்டு வைத்தேன். சீலிங்கில் இருக்கும் அக்கா மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து முதலில் பார்த்தவர்.

"என்னங்க தம்பி, ஒண்ணு மட்டும் ரெண்டு முனையும் படகாட்ட இருக்குது?"

106 செ.மீ. பைதான் அது. நடுவில் 16 செ.மீ. வந்திருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் கூடவே. முனை நோக்கிப் போகப்போகச் சரிந்து, கடைசி ஒரு சாண் தூரம் கூம்பிக் கிடந்தது. உள்ளே தொட்டுப் பார்த்தால் அந்தக் கூம்பில் நார்த்தூள் முழுசாக எழும்பாமல் கெட்டியாகவே இருக்கிறது. எழும்ப இடம் இல்லை. சீல் கோடு இரண்டு மூலையிலும் வெளுத்து, விண்ணென்று இழுபட்டிருந்தது. முனைக்குப் பக்கத்தில் நடுகிற செடிக்குக் கிடைப்பது பாதி உயர மண்தான்.

120 செ.மீ. பையில் முனை சதுரமாக நின்றது. காரணம் இதுதான்: பக்கமடிப்புப் பையின் முனை விரியும்போது மேல்முகமும் அடிமுகமும் ஆளுக்குப் பக்க உயரத்தில் பாதி, அதாவது 8 செ.மீ., உள்பக்கம் மடங்கி, நடு உயரத்தில் சீல் கோட்டில் சந்திக்கின்றன. ஒவ்வொரு முனைக்கும் 8. ஆக நீளம் = 100 + 8 + 8, அதோடு சீலுக்கு இரண்டு பக்கமும் தலா 2; மொத்தம் 120. முனைக்கு விடவேண்டிய அளவும் மடிப்பு ஆழமும் ஒன்றே. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த அளவுக்கும் உடனே கணக்குப் போட்டுவிடலாம்.

செலவும் பார்த்துவிடுவோம். 100 மைக்ரான், எங்கள் ஊர்க் கணக்கில் 400 கேஜ். சுற்றளவு 68, நீளம் 120. பரப்பு 8160 சதுர செ.மீ. கனம் 0.01 செ.மீ. பெருக்கினால் 81.6 க.செ.மீ. பாலித்தீனின் அடர்த்தி 0.92 என்றாலும் வெள்ளை நிறமி சேர்ந்த ஃபிலிமுக்கு நான் 0.94 போட்டுக்கொள்கிறேன். ஒரு பை 77 கிராம், கிலோவுக்கு 13 பை. நீளத்தை 106 ஆகக் குறைத்தால் 68 கிராம். ஒரு பைக்கு 9 கிராம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது ஆசைகாட்டினால் அந்தப் படகு முனையைக் காட்டுங்கள். மிச்சம் பிடிக்க நினைத்தால் கனத்தில் கை வைக்கலாம். 80 மைக்ரானில் 61 கிராம்தான். ஒரே பருவத்துக்குப் பயன்படுத்திவிட்டு மாற்றுகிறவர்களுக்கு 80 போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு பருவம் வெயிலில் கிடக்க வேண்டுமென்றால் 100-க்குக் கீழே போகாதீர்கள். இங்கே சரக்குக் கட்டும் பிளாஸ்டிக் தாள் கவருக்கு 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்லும் கீழ் வரம்பு 50 மைக்ரான், நாம் அதற்கு மேலேயே இருக்கிறோம்.

ஃபிலிம் பற்றி இரண்டு வரி. பாலித்தீனில் எல்.டி.பி.இ. என்கிற வகையை மட்டும் போட்டால் சொட்டுநீர்க் குச்சி குத்தின ஓட்டை நீளமாகக் கிழிய வாய்ப்பு அதிகம்; எல்.எல்.டி.பி.இ. என்கிற வகையும் கலந்தால் ஃபிலிம் வலு கூடும், சீலும் நன்றாகப் பிடிக்கும். வெளி அடுக்கின் வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, உள் அடுக்கின் கறுப்புக்குக் கார்பன் பிளாக். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பி வேரைச் சூட்டில் இருந்து காக்கும். கறுப்பு வெளிச்சத்தை மறித்துப் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். இதோடு, வெயிலில் ஃபிலிம் கெடாமல் காக்கச் சேர்க்கும் யு.வி. மாஸ்டர்பேட்ச் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பை பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், வித்தியாசம் தெரிவது அடுத்த கோடையில்.

சீலுக்கு வருகிறேன். மடித்த டியூபின் வாயை அமுக்கினால் இரு ஓரங்களிலும் 8 செ.மீ. தூரம் நான்கு தாள், நடுவில் 2 செ.மீ. மட்டும் இரண்டு தாள். கனம் 400 மைக்ரானில் இருந்து சட்டென்று 200-க்கு இறங்குகிறது. நான்கு தாளும் பிடிக்கிற அளவுக்குச் சூடு வைத்தால் நடுப்பகுதி உருகி மெலிந்துபோகும். நடுப்பகுதிக்கு ஏற்ற மாதிரி வைத்தால் ஓரத்தில் உள்தாள்கள் ஒட்டாமல் வாய் பிளக்கும். இதைவிடப் பொல்லாதது, நான்கு இரண்டாகிற அந்த ஒரு புள்ளி. மடிப்பின் மூக்கு வந்து நிற்கிற இடம். அங்கே ஊசிமுனை அளவில் ஒரு குழாய் திறந்தபடியே இருக்கும்.

சாதாரணப் பெடல் சீலரில் ஒரு பக்கம்தான் கம்பி சூடாகும். மேலிருந்து நான்கு தாளைக் கடந்து சூடு இறங்குவதற்குள் மேல் தாள் பொசுங்கிவிடும். மாதிரிக்கு, ஒரு பக்கம் போட்டுவிட்டுப் பையைத் திருப்பி அதே கோட்டில் இன்னொரு முறை அமுக்கினேன். சூட்டைக் கூட்டாமல் நேரத்தை நீட்டுவதுதான் வழி. கம்பியை விட்டதும் உடனே தூக்காமல், சூடு ஆறும்வரை அமுக்கியே வைத்திருக்கவேண்டும். உற்பத்திக்கு இருபக்கமும் சூடாகும் தாடையுள்ள மெஷின், 10 மி.மீ. அகல சீல், தாடைமேல் டெஃப்லான் துணி. மடிப்பின் மூக்குப் புள்ளிக்காக முதல் கோட்டில் இருந்து ஒரு விரல் தள்ளி இரண்டாவது கோடும் போடுகிறோம். அந்த ஊசித்துளை இரண்டு கோட்டிலும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது அபூர்வம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். மேல்முகத்தின் உள்பக்கமும் மடிப்பின் உள்பக்கமும் கறுப்புக்குக் கறுப்பு ஒட்டுகின்றன. மடிப்பின் இரண்டு தாளும் ஒன்றையொன்று தொடுவது வெளிப்பக்கத்தால், வெள்ளைக்கு வெள்ளை. எல்லாமே பாலித்தீன் என்பதால் அதுவும் சேர்ந்து ஒட்டிவிடும். வெளியே பாலியெஸ்டர் அடுக்குள்ள தின்பண்டக் கவர்களில் அப்படி ஒட்டாது. நமக்கு ஒட்டுவது நல்லதே, முனை இன்னும் உறுதிப்படும். சீல் கோடு மட்டும் அகலமாகிவிடக் கூடாது. கோட்டுக்கு உள்ளேயும் மடிப்பு ஒட்டிக்கொண்டால் அந்த அளவுக்கு முனை விரியாது.

சீலைச் சோதிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு முனையை ஒட்டி, கட்டி போடாமல், கொஞ்சம் தண்ணீரில் ரெண்டு சொட்டுத் துணி சோப்புத் திரவமும் நீல மையும் கலந்து ஊற்றி, ஒட்டின முனை கீழே வரும்படி பையை நிமிர்த்தி நிறுத்தி, சீல் கோட்டுக்கு அடியில் வெள்ளைத் தாளை வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். ஒழுகினால் எந்தப் புள்ளியில் ஒழுகுகிறது என்று தாளில் நீலமாக விழுந்திருக்கும். பத்தில் ஒன்பது தடவை அது மடிப்பின் மூக்குதான். சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றினால் சின்னத் துளைகள் ஏமாற்றிவிடும்.

நடவு ஓட்டை இன்னொரு தலைவலி. சில வாடிக்கையாளர்கள் ஓட்டை போட்டே அனுப்பச் சொல்வார்கள், 10 செ.மீ. சதுரம். கட்டி உள்ளே இருக்கும்போது மேல்முகத்துக்கு அடியில் இரு பக்கமும் 6.4 செ.மீ. தூரம் மடிப்பு பதுங்கியிருக்கிறது. மடிப்பு இல்லாத நடுப்பட்டை 5 செ.மீ.யை ஒட்டித்தான். மேலே இருந்து 10 செ.மீ. சதுரம் வெட்டினால் மடிப்பும் சேர்ந்து வெட்டுப்படும். ஊறினபின் பக்கச் சுவரில் நடு உயரத்தில் ஓட்டை சிரிக்கும். அதனால் ஓட்டை போட்டுத்தான் ஆகவேண்டுமென்றால் ரோலாக வரும்போதே, கட்டி விடுவதற்கு முன், மடிப்பை வெளியே இழுத்துவிட்டு, உள்ளே ஒரு பலகையை விட்டு மேல்முகத்தை மட்டும் வெட்டவேண்டும். வெட்டினபின் திரும்ப மடிக்கவேண்டும். ஆள்கூலி ஏறும். நான் பரிந்துரைப்பது, மேல்முகத்தில் பெருக்கல் குறி அச்சடித்துக் கொடுப்பது. பை எழும்பி மடிப்பெல்லாம் வெளியே போனபின் அவர்களே பிளேடால் கீறிக்கொள்ளலாம். சொட்டுநீர்க் குச்சி நடுக்கோட்டில் குத்தினால் மடிப்பில் படாது, அந்த நடுப்பட்டையை ஒரு மெல்லிய கோடாக அச்சடித்திருக்கிறோம்.

வடிகால் கீறலும் நாம் போடக் கூடாது. ஊறி முடியும்வரை பை தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டும். முன்பே கீறிவிட்டால் அடியில் வழிந்தோடி, மேல்பாதி காய்ந்தே கிடக்கும். முழுசாக ஊறினபின் அடி விளிம்பில், இரண்டு செடிக்கு நடுவே, பை சரிந்திருக்கும் பக்கமாகக் கீறச்சொல்லி லேபிளில் எழுதிவிட்டோம்.

காற்று ஒன்று இருக்கிறது, மறந்துவிடுவார்கள். கட்டியை விட்டு இரண்டு முனையும் ஒட்டினால் மடிப்புக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். அடுக்கினால் பை புஸ்ஸென்று வழுக்கும், பாலெட்டில் (சரக்கு அடுக்கும் பலகையில்) வைத்த அடுக்கு சாயும். மேல்முகத்து நடுக்கோட்டில் ஊசித்துளை மூன்று நான்கு குத்திவிட்டுப் பிறகு அடுக்கினால் ஒழுங்காகப் படியும். ஊறும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேறவும் அதுவே வழி. முனையில் மிச்சமாக நிற்கும் 8 செ.மீ. காதை அடியில் மடக்கி ஒரு துண்டு டேப். தண்ணீர் எடை வந்ததும் அந்த டேப் தானாக விட்டுக்கொள்ளும் அளவுக்குச் சன்னமானதாக இருக்கட்டும். பெட்டி ஒட்டுகிற கெட்டி டேப்பைப் போட்டால் முனை விரியாது.

இன்னும் ஒன்று: எடை. 'தாராளமாக இருக்கட்டும்' என்று கட்டியில் கால் கிலோ கூடுதலாகத் திணிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பையின் சுற்றளவு 68-க்கு மேல் நீளாது. சதுரமாக நின்றால் குறுக்குவெட்டு 288 சதுர செ.மீ.; அதே சுற்றளவு முழு வட்டமானால் 368. ஆக, கூடுதல் தூளுக்கு இடம் வேண்டுமென்றால் பை உருண்டையாகித்தான் கொடுக்கும். உருண்டையானால் அடித்தளம் குறுகி, மேடையில் நிற்காமல் ஆடும். தூளோடு நறுக்கின மட்டைத் துண்டு கலக்கிற கலவைக்கு எழும்பும் அளவே வேறு. அதனால் ஒவ்வொரு கலவைக்கும் ஒரு கட்டியை ஊறவைத்து உயரம் பார்த்துவிட்டுத்தான் எடையைப் பூட்டுகிறோம்.

ஓட்டி வந்த வெள்ளை-கறுப்பு ரோலில் முதல் பைகளைப் போட்டு ஊறவைத்ததில் நடு உயரம் 16-ஐத் தொட்டது, முனையில் 15-க்கு மேல். மேல்முகத்தின் இரு தோளும் கொஞ்சம் உருண்டுதான் வருகிறது. பிளாஸ்டிக் பையில் பெட்டி மாதிரிக் கூர்மூலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மடிப்பின் பழைய கோடு பக்கச் சுவரின் நடுவில் மெல்லிசாகத் தெரிகிறது, கையில் தட்டுப்படவில்லை.

இதே கணக்கில் அடுத்த அளவும் போட்டாயிற்று: 100 × 15 × 12. மடிப்பு 6, டியூப் 27, வெட்டும் நீளம் 116. இரண்டு மடிப்பும் சேர்ந்து 12, முகம் 15, இடைவெளி 3, சிக்கல் இல்லை. அதற்கடுத்து ஒருவர் 15 அகலம், 20 உயரம் கேட்டிருக்கிறார். மடிப்பு ஆளுக்கு 10 வரும், 15 செ.மீ. முகத்துக்குள் 20 எப்படி அடங்கும்? ஒன்றன்மேல் ஒன்று 5 செ.மீ. ஏறும், சீலில் ஆறு தாள். பக்கத்தை இரட்டையாக மடிக்கலாம், ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஃபிலிம்காரர்களிடம் அதற்கான பலகை இல்லை. 20 அகலம், 15 உயரமாக எடுத்துக்கொள்ளுங்கள், கொள்ளளவு அதேதான் என்று எழுதியிருக்கிறேன். மடிப்பு 7.5, டியூப் 35, நீளம் 119. பதில் வந்தால் ரோல் ஓட்டச் சொல்லவேண்டும்.